வாடகைக்கு ஒரு தாய்வீடு

திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, மேலே இருந்த மைலோ சத்துமாவு டின்னை எடுத்து ஓரமாக வைத்தார். அதற்குக் கீழே குழந்தைச் சட்டைகள், பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் கட்டும் நீளத் துணி, கோடாலித் தைலம், ஒரு பை நெத்திலிக் கருவாடு, காகிதத்தில் சுற்றிய இரண்டு கண்ணாடி வளையல்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மா பின்னால் வருகிறார்களா என்று கேட்டார். இல்லை, நான் மட்டும்தான் என்றேன். "அப்ப பிரசவம் பாக்க நீங்களா வந்திருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் பெட்டியின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

நான் மலேசியாவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு சரி. ஐம்பதை நெருங்கும்வரை விமானத்தில் ஏறியதில்லை. ஏறவைத்தவள் என் ஒரே மகள் புவனா. அவள் கணவர் செல்வம் எங்கள் பட்டணத்துச் சாப்பாட்டுக்கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி அவருக்குச் சொந்த ஊர். கல்யாணமாகி அவரோடு இந்தியாவுக்குப் போனவள் இப்போது தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். செல்வம் சிங்கப்பூரில் கட்டட வேலையில். புவனா ஆத்தங்குடியில் மாமியாரோடு. அவளைப் பெற்றவள் சிறுநீரகம் கெட்டு முந்தைய ஆண்டே போய்விட்டாள்.

சம்பந்தி அம்மாள் பஞ்சவர்ணம்தான் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். "வளைகாப்புப் போட்டதும் பிள்ளை தாய்வீட்டுக்குப் போயிரணும்ணே. பெத்துப் பிழைச்சு வந்துதான் எங்க வாசல மிதிக்கணும். அதுதான் இங்குட்டு வழக்கம். அதுக்குத் தாய்வீடு இல்லையின்னு ஊரு ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது."

வயிறு பெரிதான பிறகு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதற்கும் அவரே வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பக்கத்தில் நேமத்தான்பட்டியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துவிடலாம். நான் வந்து அதில் இருக்க வேண்டும். நான் இருக்கும் வீடு தாய்வீடு.

சரி என்றேன். ஆனால் பேறுகாலம் என்றாலே எனக்குப் பயம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது என் அக்கா, பிள்ளை பிறப்பதற்கு முன்பே வலிப்பு வந்து தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டில் இறந்துபோனாள். பட்டணத்துக்குக் கொண்டுபோக லாரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய வீங்கிய பாதங்கள்தான் இன்னும் கண்ணில் நிற்கின்றன. விமானத்தில் சாப்பாடு கொடுத்தபோதும் அந்தப் பாதங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

காரைக்குடிப் பேருந்து இன்னொரு பயம். எதிரே லாரி வருவதைப் பார்த்த பிறகுதான் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுகிறார். எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் இறங்கிச் சண்டைக்கு வருவார்கள். இங்கே அது வணக்கம் சொல்வது மாதிரி. நான் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருப்பதைப் பார்த்த பக்கத்துக்காரர், "விட்டாலும் வண்டி ஓடும்ணே" என்றார். நல்ல மனிதர். இறங்கும்போது ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். கழுவாமல் தின்னப் பயந்து பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தை ஊற்றி, அதன்மேல் சிமெண்டைப் பரப்பி, காய்ந்ததும் கண்ணாடியை உரித்தெடுக்க வேண்டும். பஞ்சவர்ணம் அம்மாளுக்கு அங்கேதான் வேலை. என்னை வாங்க என்று கும்பிட்ட கைகளில் நகத்தோரமெல்லாம் பச்சையும் சிவப்பும் ஒட்டியிருந்தது. பின்னால் புவனா வந்தாள். "வாங்கப்பா. எங்குட்டெல்லாம் சுத்திட்டு வாரீக?" என்றாள். எங்கள் தோட்டத்துப் பேச்சை விட்டு அந்த ஊர்ப் பேச்சுக்கு மாறியிருந்தாள். அவள் வயிற்றைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தை மட்டும் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்றேன். வயதுக்கு வந்த மகளிடம் கேட்பதற்கு என்னிடம் வேறு கேள்வி இருந்ததே இல்லை.

வளைகாப்பு அன்று பெண்கள் கூடியதும் நான் வெளியே வந்து, பாத்திரம் இறக்கிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று வகைவகையாகக் கிண்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே சிரிப்பு. நான் கொண்டுவந்த இரண்டு வளையல்களும்தான் காரணம் என்று ஜன்னல் வழியாகக் கேட்டது. மகள் கை அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கிவிட்டேன். மிகப் பெரிதாக இருந்தன. "இது புள்ளைக்கா, மலேசியா ஆனைக்கா?" என்று ஒரு கிழவி கேட்க, இன்னொருத்தி, "அப்பன் வாங்குனது, போட்டு விடுடி, கெடக்கட்டும்" என்றாள்.

முடிந்ததும் பஞ்சவர்ணம் அம்மாள் புவனாவின் கைகளைத் தூக்கி எனக்குக் காட்டினார். இரண்டு கையிலும் முன்கையில் பாதி வரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. "பிள்ளை பொறக்குற வரைக்கும் கழட்டக் கூடாதுண்ணே. பெறகு பேறுகாலம் பாக்குற நர்சம்மாவுக்குக் குடுத்துரணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுகூட உடையாமப் பாத்துக்கங்க. எம்மகன் கடல் தாண்டிக் கெடக்கான்" என்றார். மனைவியின் வளையல் உடைந்தால் கணவனுக்கு ஆகாது என்ற எண்ணம் எங்கள் தோட்டத்திலும் உண்டு. அதனால் எனக்குப் புரிந்தது. அன்று மாலையே மகளும் நானும் காரில் ஏறினோம். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். பேறுகாலச் சேதி வந்தால்தான் தாய்வீட்டு வாசலுக்கு வருவேன், அதுவரை வருவது முறையில்லை என்று சம்பந்தி சொல்லிவிட்டார்.

நேமத்தான்பட்டியில் எங்கள் வீடு ஒரு மாளிகையின் முதுகுப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மாளிகை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. எல்லாக் கதவும் பூட்டு. மலாயாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்தவர் கட்டியது என்று காவல்காரர் பெருமையாகச் சொன்னார். என் தாத்தாவும் மலாயாவுக்குத்தான் போனார். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நான் அதைச் சொல்லவில்லை.

இரண்டு அறை. உள்ளறையில் மகள், வெளியறையில் நான். சமையல் என்னுடையது. காலையில் முக்குக்கடையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வாங்கிவருவேன். கடைக்காரம்மா முதல் நாள், "பசியாறுனீகளா?" என்று கேட்டபோது திகைத்துப்போனேன். எங்கள் ஊரிலும் அப்படித்தான் கேட்போம். அந்த ஒரு வார்த்தைக்காகவே தினமும் அந்தக் கடைக்குப் போனேன். மத்தியானம் சோறும், நான் கொண்டுவந்த நெத்திலியைப் பொரித்து, மிளகாய் அரைத்த ஒரு சம்பாலும். தாய்ச் சமையலுக்கு ஏங்கியிருந்தவள் அதை விரும்பிச் சாப்பிட்டாள்.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் பேசவில்லை. ஆத்தங்குடியில் இருந்தவரை அவளைத் தவறாமல் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். இனி எங்கே காட்டுவது என்று நான் கேட்கவில்லை. சம்பந்தி ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார் என்று நினைத்தேன். தாய்வீட்டுக்குப் போன பிள்ளையைத் தாய்வீடுதான் காட்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். பெற்றுப் பிழைக்கும்வரை ஆத்தங்குடி எல்லையை மிதிக்கக் கூடாது என்பதால் புவனாவும் பழைய இடத்துக்குப் போகவில்லை. என்னிடம் அந்தப் பேச்சை எடுக்க அவளுக்குக் கூச்சம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது நான் பயந்ததெல்லாம் தெரு நாய்க்கும், கிணற்றடிப் பாசிக்கும்தான்.

காய்கறி வாங்கக் காரைக்குடிக்கு மினிபஸ்ஸில் போய்வந்தேன். திரும்பும்போது எங்கள் நிறுத்தம் வந்தது தெரிந்தது. எழுந்தேன். முன்பக்கம் முழுக்கப் பெண்கள். "நிறுத்துங்க" என்று சத்தம் போட வாய் வரவில்லை. வண்டி போய்விட்டது. அடுத்த நிறுத்தத்திலும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நடத்துனர்தான் என்னைக் கண்டுபிடித்தார். பெரிய மீசைக்காரர். "ஏண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக? ஒரு வார்த்தை சொன்னா எறக்கி விட்டுட்டுப் போறோம்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்கி, வெயிலில் காய்கறிப் பையோடு வந்த வழியே நடந்தேன். இரண்டு நாய்கள் பாதித் தூரம் கூட வந்தன. வீட்டுக்கு வந்து சொன்னதும் புவனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் உள்ளறையில் என்ன செய்கிறாள் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கவும் தேவையிருக்கவில்லை. வளையல் சத்தம் சொல்லிவிடும். தலை வாரினால் சலசலவென்று நீளமாக வரும். தண்ணீர் மொண்டால் ஒரு குலுக்கல். புரண்டு படுத்தால் மொத்தமாகச் சரிந்து அடங்கும். வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே மகள் சுகமாக இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் தலைவலிக்கிறது என்று கோடாலித் தைலம் கேட்டாள். வெயில் என்று நினைத்துக் கொடுத்தேன். மறுநாளும் கேட்டாள். அப்போதுதான் எங்கள் தோட்டத்துக்கு வந்த மலாய்க்கார நர்ஸ் நினைவுக்கு வந்தார். புவனா வயிற்றில் இருக்கும்போது அவர் கிளினிக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் லயத்துக்கே வருவார். மிஸ்ஸி என்போம். அவர் மலாயில் கேட்பார், நான் மனைவிக்குச் சொல்ல வேண்டும். 'தலை வலிக்கிறதா? கண்ணில் பூச்சி பறக்கிறதா? மோதிரம் இறுகுகிறதா?' எங்களிடம் மோதிரம் கிடையாது என்று சொன்னேன். 'மோதிரம் இல்லாவிட்டால் கையைப் பார். நீதானே புருஷன், பார்' என்று அதட்டினார். அக்காவின் கதையை அவரிடம் சொன்னபோது, அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன் என்றார்.

உள்ளறை வாசல்வரை போனேன். மகளின் கையைப் பார்க்க வேண்டும், பாதத்தைப் பார்க்க வேண்டும். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். சம்பந்திக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தேன். தாய்வீட்டில் பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லையா என்று கேட்டுவிடுவாரோ என்று வைத்துவிட்டேன். கொண்டுவந்த கருவாட்டில் உப்பு அதிகமோ என்று யோசித்து மிச்சத்தைக் காகத்துக்குப் போட்டேன். அன்று வளையல் சத்தம் கொஞ்சம் மங்கியிருந்ததாக இப்போது தோன்றுகிறது.

அடுத்த நாள் காலையில் அடுப்படியில் நடமாட்டம் தெரிந்தது. பாத்திரம் நகர்ந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம் மட்டும் இல்லை.

எழுந்து உள்ளே போனேன். புவனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் அவள் முகமாக இல்லை, இமையெல்லாம் தடித்திருந்தது. இந்த முறை கையைப் பார்த்தேன். வளையல்கள் ஒன்றோடொன்று மோத இடமில்லாமல் சதைக்குள் பதிந்திருந்தன. நான் வாங்கிய இரண்டு பெரிய வளையல்கள் மட்டும், சுவரில் அசையாமல் ஊன்றியிருந்த இடது மணிக்கட்டில் தளர்ந்து கிடந்தன. அவள் பேசியபோது எங்கள் தோட்டத்துப் பேச்சே வந்தது. "அப்பா, கண்ணுல பூச்சி பறக்குதுப்பா. உங்க மூஞ்சி தெரியல."

108க்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். பக்கத்து வண்டி வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, அடுத்ததை உடனே அனுப்புகிறோம், வீட்டுக்கு அடையாளம் சொல்லுங்கள் என்றார். பெரிய வீட்டுக்குப் பின்னால் என்றேன். எந்தப் பெரிய வீடு என்றார். அந்த ஊரில் எல்லாமே பெரிய வீடு. காவல்காரரையும் காணோம். அப்போது மினிபஸ் ஹாரன் கேட்டது.

நான் ஓடிப்போய் ரோட்டின் நடுவில் நின்றேன். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். அந்தச் சத்தம் என்னுடையது என்று எனக்கே நம்பிக்கையில்லை. பஸ் என் நெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றது. அதே மீசைக்காரர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். மகள், மாசமா இருக்கா, கண்ணு தெரியல என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு எதையும் நான் செய்யவில்லை. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி ஏற்றினார்கள். கடைசி சீட்டைக் காலி செய்து ஒருத்தி தன் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நடத்துனர் 108க்குப் போன் செய்து நாங்கள் கிளம்பிவிட்டதைச் சொன்னார். பிறகு ஓட்டுநரிடம், "மாப்ளே, இனி ஆஸ்பத்திரியிலதான் பிரேக்கு" என்றார். நிறுத்தங்களில் கையைக் காட்டி நின்றவர்கள் வண்டி நிற்காமல் போவதைப் பார்த்து ஏசினார்கள். ஊருக்கு வந்த அன்று அந்த ஓட்டத்துக்கு நான் கம்பியைப் பிடித்தேன். இப்போது இன்னும் வேகமாகப் போகக் கூடாதா என்றிருந்தது. மகளின் பாதங்கள் சீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சம்பந்திக்குப் போன் செய்து சொன்னேன். கேட்டதும் அவர் வைத்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் வாசலிலேயே தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். பெண் இல்லாத வீடு என்று தெரிந்து என்னையும் கூடவே வரச் சொன்னார்கள். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் எண்ணைச் சொன்னதும் டாக்டரம்மா ஓடிவந்தார். கடைசியாக எப்போது அழுத்தம் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். வலிப்பு வராமல் இருக்க உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். வலிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மருந்து ஏற்ற நரம்பு வேண்டும். கையில் வளையலும் வீக்கமும்தான் இருந்தன. நர்ஸ் சோப்பு நுரை போட்டுப் பார்த்தார். ஒன்றும் கழலவில்லை. "பிடிங்க, உடைச்சு எடுக்கணும்" என்று மகளின் வலது கையை என் கையில் வைத்தார். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது பிடித்த கை. அதற்குப் பிறகு பிடித்ததில்லை. ஒண்ணுகூட உடையாமப் பாத்துக்கங்க என்ற குரல் காதில் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள், அவள் மாமியார் வரட்டும் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதற்குள் பஞ்சவர்ணம் அம்மாள் வந்துவிட்டார். வேலையிலிருந்து அப்படியே யாருடைய வண்டியிலோ ஏறி வந்திருக்கிறார், சேலையெல்லாம் சிமெண்டு. மருமகளின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். நர்ஸிடமிருந்து துண்டை வாங்கி வளையல்களுக்கு அடியில் நுழைத்தார். தினமும் கண்ணாடியைத் தொடுகிற கை. கத்தரிக்கோலின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். கண்ணாடி துண்டுக்குள் உதிர்ந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை.

"எம்மகனுக்கு ஆகாதுன்னா அந்தப் பாவம் என்னோட போகட்டும்" என்றார். பிறகு நர்ஸிடம், "ஊசியப் போடு தாயி."

இடது கையிலும் இறுகியவற்றை உடைத்தார். நான் வாங்கிய இரண்டும் தளர்ந்து கிடந்ததால் அவற்றை விட்டுவிடச் சொன்னார் நர்ஸ்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் நான் ஒரு முனையிலும் அவர் ஒரு முனையிலும் உட்கார்ந்தோம். அவர்தான் முதலில் பேசினார். வளைகாப்பு முடிந்த நாளிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாராம். தாய்வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையைப் பின்னாலேயே விசாரித்தால் ஊர் சிரிக்கும் என்று கூப்பிடவில்லையாம். "நீங்களாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாண்ணே?"

"நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்துட்டேன்."

"நல்லாருக்கு. நான் ஊருக்குப் பயந்தேன். நீங்க எனக்குப் பயந்தீக. நடுவுல அந்தப் புள்ளை கெடந்துச்சு."

நான் அழுதேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தார்.

பிள்ளையை உடனே எடுத்தால்தான் தாய்க்கு நல்லது என்று அன்று மத்தியானமே அறுவை செய்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு என்பதால் சூட்டுப்பெட்டியில் வைத்தார்கள். கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். என் உள்ளங்கை நீளம்தான் முதுகு. டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கி, நான் கொடுத்த கருவாட்டால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். அதனால் வருவதில்லை, காரணமே தெரியாமல் எத்தனையோ பேருக்கு வருகிறது, நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் நம் கையில் இருக்கிறது என்றார். எந்த ஊரில் போய் இருந்தாலும் அந்த ஊர் நர்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றும் சொன்னார். எங்கள் தோட்டத்து மிஸ்ஸி மாதிரி. நான்தான் அப்படி ஒருவர் இங்கே இருப்பார் என்று நினைக்கவே இல்லை.

ஆனால் பயம் தீரவில்லை. பிள்ளை பிறந்த பிறகும் வலிப்பு வரலாம், சில நாட்கள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றிருந்தார்கள். வார்டுக்குள் ஆண்கள் போகக் கூடாது. நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே யாராவது வேகமாக நடந்தால் எழுந்து நிற்பேன். இட்லி வாங்கிக் கொடுத்தார்கள், ருசி தெரியவில்லை. மீசைக்கார நடத்துனர் ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "அன்னைக்குப் போட்ட சத்தத்துல எங்க பஸ்ஸு கண்ணாடியே ஆடிப்போச்சுண்ணே" என்றார். சிரிக்க முயன்றேன்.

சூட்டுப்பெட்டியிலிருந்து குழந்தையைத் தாயிடம் கொடுத்த மறுநாள் நர்ஸ் என்னையும் சம்பந்தியையும் கூப்பிட்டார். பெண்கள் பேச்சு என்று நான் நகரப் பார்த்தேன். "நீங்களும் நில்லுங்க, உங்களுக்கும் சேத்துத்தான்" என்றார். புவனாவின் உடம்பு தேற வேண்டும். அடுத்த பிள்ளைக்கு இரண்டு மூன்று வருடமாவது போகட்டும். அப்போதும் முதல் மாதத்திலிருந்தே காட்ட வேண்டும். பிள்ளை தள்ளிப்போக என்னென்ன வழி இருக்கிறது என்று எல்லாவற்றையும் புவனாவுக்கே விளக்கிவிட்டார்கள்; அவள் கேட்டுத் தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டாள். வீட்டிலே யாரும் அவளை அவசரப்படுத்தக் கூடாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். தரையில் பூக்கல் இல்லை, எண்ணிக்கொண்டிருக்க ஒன்றுமே இல்லை.

"அவ வீட்டுக்காரர்கிட்ட யாரு சொல்லப் போறீங்க?" என்றார் நர்ஸ்.

பஞ்சவர்ணம் அம்மாள் என்னைப் பார்த்தார். "மகன்கிட்ட நான் எப்படிண்ணே இதச் சொல்லுவேன்? நீங்க ஆம்பள. நீங்களே சொல்லிருங்க."

பெஞ்சில் உட்கார்ந்து செல்வத்துக்குப் போன் செய்தேன். முதலில் சிங்கப்பூரில் மழையா என்று கேட்டேன். பிறகு பிள்ளை பால் குடிக்கிறது என்றேன். பிறகு வேலை எப்படி என்றேன். அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு நர்ஸ் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். எதையும் விடவில்லை. தள்ளிப்போட வழி இருக்கிறது என்பதையும், அதைப் புவனாவே முடிவு செய்துவிட்டாள் என்பதையும், நீங்கள் ஊருக்கு வரும்போது அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

சொல்லி முடித்ததும், கோபித்துக்கொண்டாரோ என்று பழைய பயம் வந்தது.

"சரிங்க மாமா. அவ பிழைச்சுக் கெடந்தாளே, அது போதும்" என்றார். குரல் உடைந்திருந்தது. "அவ பேச்சக் கேட்டு அஞ்சாறு நாளாச்சு மாமா. நெசமாவே நல்லாருக்காளா? எனக்காகச் சொல்லலையே?"

நல்லா இருக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அது தெரியாது. நானும் அவளைப் பார்த்து அவ்வளவு நாளாகியிருந்தது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், கட்டில்களைத் தாண்டி, கண்ணாடியும் கண்ணாடியும் மோதும் சத்தம் வந்தது. இரண்டே வளையல். ஒரு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற கை.

"மாமா? லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் மாப்பிள்ளை. கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொல்லி, எழுந்துபோய், போனைக் கதவு இடுக்கில் நீட்டிப் பிடித்தேன்.